விரிசல் போன இடம்

களிமண்ணைச் சுட்டுச் செய்த எதுவும் ஒருநாள் உடையும் என்பது அடுப்படியில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அதனால், செராமிக்கை நானோ இழையாக நூற்றால் அது வளைகிறது, அமுக்கினால் பஞ்சாக அமுங்கி மறுபடி எழுகிறது, ஆயிரம் டிகிரிச் சூட்டிலும் அதையே செய்கிறது என்று வரும் ஆய்வுகளைப் படிக்கையில் வியப்போடு ஓர் உறுத்தலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஷாங்ஹாய் டோங்ஹுவா பல்கலைக்கழகத்தில் பின் டிங் குழுவினர் 2018இல் காட்டிய நானோ இழைப் பஞ்சு, 80 விழுக்காடு நசுக்கப்பட்ட பிறகும் பழைய உருவத்துக்குத் திரும்பியது. 1,100 டிகிரி செல்சியஸ் வரை அந்தக் குணம் மாறவில்லை. அந்த அளவீட்டில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. உறுத்துவது, அதைப் படித்த கையோடு நாம் அடிக்கும் தாவல்: செராமிக்கின் நொறுங்கும் தன்மை ஒழிந்துவிட்டது என்கிற தாவல். ஒரு பொருளின் குணம் அப்படிச் சும்மா ஒழிந்துபோகுமா? சிலிக்காவின் அணுக்களைப் பிணைத்திருப்பது கண்ணாடி டம்ளரில் எதுவோ இழையிலும் அதுதான். இழுத்தால் நீளாது, ஓர் எல்லைக்கு மேல் போனால் அறும். அப்படியிருக்க விரிசல் எங்கே போயிற்று? அது நாம் பார்க்கப் பழகாத இடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்தைத் தேடிப் போவது சுற்றுவழி. சட்டிபானையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பொங்கல் நெருங்கும்போது கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தமிழ்க் குயவர்களின் பானைகள் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் கடைவாசல்களில் அடுக்கிக் கிடக்கும். வாங்குகிறவர் ஒரு கையில் பானையைத் தூக்கி, மறுகை விரல்மூட்டால் அதன் வயிற்றில் தட்டிக் காது கொடுப்பார். கணீரென்றால் காசு, பொத்தென்றால் அடுத்த பானை. அந்தத் தட்டலில் சோதனைக்கு உள்ளாவது மண்ணின் தரம் என்று நினைப்போம். அது மண்ணைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கண்ணுக்குப் படாத விரிசல் ஒன்று இருந்தால், அதன் இரண்டு உதடுகளும் அதிர்வில் ஒன்றோடொன்று உரசி ஒலியைத் தின்றுவிடும். காது கேட்பது அந்த இழப்பைத்தான். ஒரே குழியில் வெட்டி, ஒரே காலால் மிதித்து, ஒரே சூளையில் சுட்ட இரண்டு பானைகளில் ஒன்று பத்துப் பொங்கல் பார்க்கும், ஒன்று முதல் பாலுக்கே பிளந்துகொள்ளும். மண் ஒன்று, தீ ஒன்று, வேறுபட்டது பழுது மட்டுமே. மண்ணில் தங்கிய ஒரு வேர்த்துணுக்கு சூளையில் எரிந்து தன் உருவத்திலேயே ஒரு சுரங்கத்தை விட்டுப்போகும். கடலோரக் களிமண்ணில் சிப்பித் துணுக்கு ஒன்று கலந்திருந்தால், அது சுடுகையில் நீறிச் சுண்ணாம்பாகும். வாரக்கணக்கில் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து, பானையின் தோலில் நகக்கண் அளவு சில்லொன்றைத் தெறித்துத் தள்ளும். அவசரமாய் வெயிலில் காயவைத்தால் வாய்விளிம்பு முந்திச் சுருங்கி, அடிப்பாகம் பிந்திச் சுருங்கி, இரண்டுக்கும் நடுவே மயிரிழைக் கீறல் விழும். பானை உடைகிற நாளில் இவற்றில் பெரியது எதுவோ அங்கிருந்துதான் உடையும். மற்ற இடமெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை.

ரப்பர் காலத்தில் இந்தப் பழுது தோட்டக் கணக்குக்குள்ளும் வந்தது. பிளாஸ்டிக் வருமுன் பால்மரங்களில் கம்பி வளையத்தில் தொங்கிய மங்குகளில் பல சுட்ட மண்ணில் மெருகிட்டவை. சிங்கப்பூர் ஜூரோங்கில் 1940இல் எழுந்த தௌ குவாங் போன்ற நீண்ட டிராகன் சூளைகளுக்கு மங்கு முக்கியச் சரக்காக இருந்தது. ஆயிரம் ஆயிரமாய் ஒரே அச்சில் வந்த பொருள் என்றாலும், ஒன்று எந்த உயரத்திலிருந்து விழுந்தால் உடையும் என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. முட்டியளவு உயரத்தில் உடைவதும் உண்டு, தலைக்கு மேலிருந்து விழுந்து தழைக்குள் உருண்டு பிழைப்பதும் உண்டு. உலோகக் கம்பிக்கு வலிமை இவ்வளவு என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகலாம். சுட்ட பொருளுக்கு எண் போதாது, எத்தனையில் எத்தனை எந்தச் சுமையில் போகும் என்ற பரவல்தான் வேண்டும். 1939இல் சுவீடனின் வாலோடி வெய்புல் இதைக் கணிதமாக்கினார். அவர் கணக்கின் உள்ளே உட்கார்ந்திருப்பது ஒரு சங்கடமான முடிவு: அளவு கூடக் கூடப் பொருள் பலவீனமாகும். பெரிய பாத்திரத்தில் பெரிய பழுது ஒளிந்திருக்க இடம் அதிகம், அவ்வளவுதான் காரணம். இதையே திருப்பிப் போட்டால் நானோ இழையின் முழு ரகசியமும் கைக்கு வந்துவிடுகிறது. பொருளைச் சிறிதாக்கு, பழுதுக்கு இடம் இருக்காது.

திருப்பிப் போட்டவர் வெய்புல்லுக்கு முன்பே வந்தவர். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஏ. ஏ. கிரிஃபித், 1921இல் வெளிவந்த கட்டுரைக்காகக் கண்ணாடியை உருக்கி மெல்லிய, மேலும் மெல்லிய இழைகளாக இழுத்து அறுத்துப் பார்த்தார். 1 மில்லிமீட்டர் தடித்த கண்ணாடிக் குச்சி 170 மெகாபாஸ்கலில் முறிந்தது. சதுர சென்டிமீட்டருக்கு 1.7 டன் என்று வைத்துக்கொள்ளலாம். 3.3 மைக்ரோமீட்டர் இழை தாங்கியது 3,400 மெகாபாஸ்கல், அதாவது சுமார் 35 டன். கண்ணாடி அதே கண்ணாடி. முறிவை நடத்துவது விரிசலின் நீளம் என்றும், விரிசல் நான்கு மடங்கு நீண்டால் வலிமை பாதியாகும் என்றும் அவர் காட்டினார். அந்த வர்க்கமூலக் கணக்கின்படி, 1 மில்லிமீட்டர் பழுது இருந்த இடத்தில் 100 நானோமீட்டருக்கு மேல் பழுது இருக்கவே முடியாது என்று ஆக்கிவிட்டால் வலிமை நூறு மடங்கு ஏறும். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு, அதை அதிகம் பேர் எடுத்துச் சொல்வதில்லை: இழுத்த சூட்டில் இருந்த வலிமை சில மணி நேரத்துக்குள் இறங்கிப்போனது. கை பட்டால் கீறும், தூசு பட்டால் கீறும், எதுவும் படாவிட்டாலும் காற்றின் ஈரம் விரிசல் முனையில் இழுபட்டு நிற்கும் சிலிக்காப் பிணைப்பை மெல்லத் தின்னும். ஆண்டு முழுக்கச் சுவர் வியர்க்கும் கோலசிலாங்கூர் போன்ற ஊரில் புத்தம்புது இழையின் வலிமையை வைத்து எதையும் கட்ட முடியாது.

வளைவதைப் பற்றிய குழப்பத்தை இங்கே அவிழ்த்துவிட வேண்டும், ஏனென்றால் படங்களில் நம்மை மயக்குவது அதுதான். எதையாவது வளைத்தால் அதன் வெளிப்புறம் நீள வேண்டியிருக்கிறது. எவ்வளவு நீள வேண்டும் என்பது தடிமனைப் பொறுத்தது. 300 நானோமீட்டர் இழையை 0.1 மில்லிமீட்டர் ஆரத்துக்கு, அதாவது தையல் ஊசியின் காதுக்குள் நுழையும் வளையமாகச் சுருட்டினாலும், வெளிப்புறம் நீள்வது 0.15 விழுக்காடு மட்டுமே. 1 மில்லிமீட்டர் தடித்த குச்சி அதே 0.15 விழுக்காட்டோடு தப்பிக்க வேண்டுமானால் 33 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே அதை வளைக்கக் கூடாது. தடிமன் பாதியானால் வளைக்கத் தேவையான விசை பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே, விரல் நடுவே மடியும் செராமிக் துணியைப் பார்த்து இது இளகிய பொருள் என்று முடிவுகட்டுவது கண்ணின் ஏமாற்றம். இழை துளிகூட இளகவில்லை. அதை முறிக்கும் அளவுக்கு நாம் இன்னும் வளைக்கவில்லை. இரும்புக் கம்பி எல்லை தாண்டினால் கோணிக்கொண்டு, தாண்டியதைக் காட்டிக்கொண்டே, வேலையும் செய்யும். செராமிக் இழைக்கு அப்படி நடுவழி கிடையாது. எல்லைக்கு இந்தப் பக்கம் முழு மீட்சி, அந்தப் பக்கம் முழு முறிவு.

இனி இழைக்குள் போகலாம். மின்புல நூற்பில், செராமிக்காக மாறப்போகும் மூலக் கரைசலை ஒரு பாலிமரோடு குழைத்து, ஊசிமுனையில் துளியாக நிறுத்தி, ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கிறார்கள். துளி கூம்பாகி, கூம்பின் நுனியிலிருந்து தாரை பீறிட்டுச் சுழன்று மெலிந்து, தட்டில் வலையாகப் படிகிறது. டான் லீயும் யூனான் ஷியாவும் 2003இல் இப்படித்தான் டைட்டானியா நானோ இழை எடுத்தார்கள். அடுத்தது சூளை. பாலிமர் எரிந்து வெளியேற, மிஞ்சுவது சுருங்கிய செராமிக். எரிந்துபோனது தன் இடத்தைக் காலியாக விட்டுப்போகிறது. குயவரின் மண்ணில் எரிந்த வேர்த்துணுக்கு செய்ததும் இதுவே, அளவுதான் பல்லாயிரம் மடங்கு சிறியது. சூடு கூடினால் அந்தத் துளைகள் அடைபடும் என்பது உண்மை. ஆனால் சூடு கூடும்போது படிகத் துகள்களும் பக்கத்துத் துகளை விழுங்கிப் பருக்கின்றன. ஒரு துகள் இழையின் முழு அகலத்துக்கும் வளர்ந்துவிட்டால், இழை மூங்கிலைப் போல் கணுக்கணுவாகி, ஒவ்வொரு கணுவும் குறுக்கே ஓடும் ஆயத்த விரிசலாக நிற்கும். பழுது இழையைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்று ஆறுதல் கொண்டோமே, அந்த ஆறுதல் இங்கே செல்லாது. பழுது இழையின் அளவே வந்துவிட்டது. சிலிக்கா போன்ற படிகமாகாத இழைக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் நெடுநாள் சூட்டில் அதுவும் படிகமாகத் தொடங்கும்.

தனி இழையை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது இதைவிடப் பெரிய சிக்கல். பயன்படுவது பாய், துணி, பஞ்சு. லட்சம் இழைகள் சேர்ந்தால் லட்சம் மடங்கு வலிமை என்பது பள்ளிக்கூடக் கணக்கு; 1945இல் எச். ஈ. டேனியல்ஸ் அதை உடைத்தார். செம்பனை மட்டையில் ஈர்க்கு உருவிக் கட்டிய விளக்குமாற்றை முறுக்கினால், முதலில் ஒடிவது மிகச் சோதாவான ஈர்க்கு. அதன் பங்குச் சுமை மற்றவற்றின் தலையில் விழ, அடுத்த சோதா ஒடிகிறது. கட்டின் வலிமை தனி ஈர்க்குகளின் சராசரியைக்கூட எட்டாது. ஆனால் கட்டு ஒரேயடியாகப் போவதில்லை என்பதுதான் அதன் பெருமை, இருபது ஒடிந்த பிறகும் வாசல் பெருக்கலாம். நானோ இழைப் பாயும் இப்படித்தான் பிழைக்கிறது. கால்டெக்கில் ஜூலியா கிரீரும் மாணவர்களும் 2014இல் செய்த அலுமினா நுண்சட்டகம் இதற்கு நல்ல சாட்சி. உள்ளீடற்ற குழல்களால் பின்னிய அந்தச் சட்டகத்தில் குழற்சுவர் 10 நானோமீட்டர் இருந்தபோது பாதிக்கு மேல் நசுக்கியும் ஏறக்குறைய முழு உயரத்துக்கு எழுந்தது. சுவரைச் சில பத்து நானோமீட்டருக்குத் தடிப்பாக்கியதும் பொடிப்பொடியாய் நொறுங்கியது. தாள்களில் தலைப்பானது எழுந்த கதை. முதல் நசுக்கலிலேயே குழல்கள் கூடும் முடிச்சுகளில் நுண்விரிசல் விழுந்து, இரண்டாம் முறை சட்டகம் முதல் முறையின் விறைப்பைக் காட்டவில்லை என்பதும் அதே ஆய்வின் பகுதிதான். உருவம் மீண்டது, உள்ளே உடைந்திருந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் 'மீட்சி' என்று எழுதிவிட்டுப் போவதை என்னால் ஒப்ப முடியவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும், வர வேண்டும். 2003இல் ஹுவாஜியான் காவ் குழு சொன்னபடி, சில பத்து நானோமீட்டருக்குக் கீழே பொருளுக்குப் பழுது என்பதே உறைக்காது. விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் கொள்கையளவு வலிமையில்தான் முறியும். எலும்பும் சிப்பியும் தம் கனிமத்தை அந்த அளவில் வைத்திருப்பது தற்செயல் அல்ல. அப்படியானால் நொறுங்கும் தன்மை உண்மையாகவே ஒழிகிறது என்று சொல்லலாமே? இழை அளவில் இதை மறுக்க மாட்டேன். எம்.ஐ.டி.யின் கிறிஸ்டோஃபர் ஷூவும் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் 2013இல் காட்டிய ஸிர்கோனியா நுண்தூண்களும் காவின் பக்கமே சாய்கின்றன: கட்டியாக இருந்தால் சில சுற்றிலேயே வெடிக்கும் அந்தப் பொருள், ஓரிரு படிகம் மட்டும் கொண்ட தூணாக இருந்தபோது 7 விழுக்காடு வரை உருமாறித் திரும்பியது, பல பத்துச் சுற்றுக்கும் தாங்கியது. ஆனால் தூண் தனித்து நிற்பது; சிப்பியில் துண்டுகளை எது சேர்த்துப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஜெராம் கடைகளில் கிலோ கணக்கில் நிறுக்கும் கெராங் சிப்பியின் ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெறும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கட்டியின் சரக்கு. ஆனாலும் ஓடு சுண்ணாம்புக் கட்டியாய் உதிர்வதில்லை. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய நுண்தகடுகளுக்கு நடுவே மெல்லிய கரிமப் பசை விரிசலை ஒவ்வொரு அடுக்கிலும் திசை திருப்பி அலைக்கழிக்கிறது. ஓட்டைச் சூளையில் இட்டுப் பசையை எரித்துவிட்டால் அதே நுண்தகடுகள் விரலிடுக்கில் மாவாகும். ஆயிரம் டிகிரி தாங்கும் செராமிக் பாயில் அந்தப் பசைக்கு இடமில்லை. அங்கே இழையை இழையோடு ஒட்டுவதும் செராமிக்தான். காவின் வாதம் இழையைக் காப்பாற்றுகிறது, முடிச்சைக் காப்பாற்றவில்லை.

அப்படியும் பாய் வேலை செய்கிறதே, ஏன்? பதில் பொங்கல் பானையில் இருக்கிறது. பானை வலிமையான பொருளே அல்ல. குறைந்த சூட்டில் சுட்டது, துளை நிறைந்தது, மணல் கலந்தது. ஆனால் நேர் தீயில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் பிழைப்பது அது. அதைவிடப் பல மடங்கு வலிய கண்ணாடிச் சாடி படீரென்று இரண்டாகும். டி. பி. எச். ஹாஸல்மன் 1969இல் இதற்கு ஒழுங்கான விளக்கம் தந்தார். வலிய பொருள் வெப்ப அதிர்ச்சியை நெடுநேரம் தாங்கிச் சக்தியைச் சேமிக்கிறது. விரிசல் தொடங்கும் கணத்தில் சேமித்ததெல்லாம் அந்த ஒன்றின் பின்னால் பாய்கிறது. பலவீனமான, துளையுள்ள பொருளில் எண்ணற்ற சிறு விரிசல்கள் சீக்கிரமே தொடங்கி, ஒவ்வொன்றும் அடுத்த துளையிலோ மணற்பருக்கையிலோ முட்டி நின்றுவிடுகின்றன. பானை உடையாமல் இருப்பது அது ஏற்கெனவே நிறைய உடைந்திருப்பதால். நானோ இழைப் பஞ்சும் இந்தச் சாதியைச் சேர்ந்ததே. தொண்ணூற்றொன்பது பங்கு காற்றும் ஒரு பங்கு இழையுமாய், எங்கே அறுந்தாலும் அடுத்த வெற்றிடத்தில் அறுபடல் நின்றுவிடும்படி அது அமைந்திருக்கிறது. வலிமையான செராமிக் என்று அதை விளம்பரப்படுத்துவதைவிட, சில்லறையாக உடையத் தெரிந்த செராமிக் என்பது நேர்மையாக இருக்கும்.

அந்தச் சில்லறை எங்கே போகிறது என்பதுதான் என் உறுத்தலின் வேர். பாய் தாங்குகிறதா என்று கேட்பவர்களுக்கு இது வீண் கவலையாகப் படலாம். முழுப் பொருள் வேலை செய்தால் சரி, உள்ளே எத்தனை இழை அறுந்தால் என்ன என்பார்கள். இந்தக் கேள்விக்கு ஒருமுறை உலகம் பதில் சொல்லிப் பார்த்தாயிற்று. அஸ்பெஸ்டாஸின் மிகப் பரவலான வகையான கிரைசோடைல், இயற்கை தானே நூற்ற செராமிக் நானோ இழை: மெக்னீசியம் சிலிகேட் தாள் சுருண்டு சில பத்து நானோமீட்டர் தடிமனில் குழலாகியது. நெய்யலாம், தீயில் எரியாது, நொறுங்கும் சிமெண்டில் பத்தில் ஒரு பங்கு கலந்தால் விரிசலின் இரு கரையையும் பாலமாய்ப் பிடித்துக்கொள்ளும். மலேசியாவில் எத்தனையோ பழைய வீடுகளின் நெளிதகட்டுக் கூரை அந்த இயற்பியலில்தான் நின்றது. அதன் வலிமையும் தீங்கும் ஒரே குணத்தின் இரு முகம். நெடுக்காகப் பிரிந்து மெலியுமே ஒழிய எளிதில் குறுக்கே துண்டாகாது. அதனால் கூரையைத் தாங்கியது, அதனாலேயே நுரையீரலில் தங்கியது. 5 மைக்ரோமீட்டருக்கு மேல் நீளம், 3 மைக்ரோமீட்டருக்குக் கீழ் தடிமன், நீளம் தடிமனைப்போல் மும்மடங்குக்கு மேல்: மூச்சில் நுழையும் இழைக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரையறை இது. எந்த நானோ இழையும் தடிமன் விதியில் பிறந்த நாளிலேயே தேறிவிடுகிறது. எல்லா இழையும் அஸ்பெஸ்டாஸ் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். உடலின் நீரில் கரையும் சிலிகேட் இழைகள் உண்டு, அவை தங்குவதில்லை. ஆனால் கரையும்படி கலவையை மாற்றினால் பொதுவாக உயர்சூட்டைத் தாங்கும் எல்லை இறங்குகிறது. தொழிலில் பேர்பெற்ற நெக்ஸ்டெல் போன்ற தொடர் செராமிக் இழைகள் 10 முதல் 12 மைக்ரோமீட்டர் தடிமனிலேயே நிற்கின்றன. கிரிஃபித்தின் கணக்கு எவ்வளவு ஆசை காட்டினாலும் அவை இன்னும் மெலியவில்லை.

சிலாங்கூரின் வடக்கில் இந்தப் பேச்சு வேறொரு வழியாகவும் வரக்கூடும். தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் வயல்களின் உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பத்துக்கு ஒன்பது பங்கை நெருங்கிச் சிலிக்கா. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தெனமாரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோகோன்னியே தொடங்கிய வணிகச் செம்பனை, இன்று ஆலைக்கு ஆலை நாரும் ஓடும் எரிந்த சாம்பலைக் குவிக்கிறது. அதிலும் சிலிக்கா உண்டு. குப்பையிலிருந்து நானோ இழை என்ற முழக்கத்துக்கு வேண்டிய எல்லாம் இங்கே இருக்கிறது. முழக்கத்தை நான் எள்ளவில்லை. சிலிக்கா இருக்கிறதா என்று அது கேட்கும் கேள்வி தவறான இடத்தில் நிற்கிறது என்றுதான் சொல்கிறேன். மண் இருக்கிறதா என்பது ஒருபோதும் குயவரின் பிரச்சினையாக இருந்ததில்லை. உமியில் சிலிக்காவோடு பொட்டாசியமும் வருகிறது. அமிலத்தில் கழுவி நீக்காவிட்டால் அது சிலிக்காவைக் குறைந்த சூட்டிலேயே உருகிப் படிகமாகத் தூண்டும். 300 நானோமீட்டர் இழைக்குள் ஒரு வேற்றுத் துகள் 100 நானோமீட்டர் இருந்தால், அது பானையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்ட கல். தூய்மை செய்யும் செலவுதான் அங்கே வலிமையின் விலை, சாம்பல் இனாம் என்பதால் அந்த விலை குறையாது.

செம்பனை ஆலையின் கொதிகலனுக்குள் செராமிக் இழை இப்போதே எப்படி வாழ்கிறது என்று பார்த்தால் எதைச் சோதிக்க வேண்டும் என்பது தெளியும். தீக்கல் சுவருக்குப் பின்னும் கதவு விளிம்பிலும் வைக்கும் வெப்பக் காப்புப் போர்வை பெரும்பாலும் அலுமினோசிலிகேட் இழைக் கம்பளி. நானோ அல்ல, சில மைக்ரோமீட்டர். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்ற 2பி வகையில் வைத்திருக்கிறது. புதிய போர்வை கத்திக்கு மென்மையாக வெட்டுப்படும், மூலைக்கு மடியும். ஆயிரம் டிகிரிக்கு மேல் நெடுநாள் நின்றால் கண்ணாடி நிலை போய்ப் படிகமாகிறது, அந்தப் படிகங்களில் கிறிஸ்டோபலைட்டும் ஒன்று. படிகச் சிலிக்கா அதே முகமையின் முதல் வகையில் இருக்கிறது. மடிந்த போர்வை இப்போது கை வைத்தால் உதிர்கிறது. நாம் படிக்கும் வலிமை எண் எல்லாம் முதல் நாள் இழையுடையது. ஆலை பழுதுபார்ப்புக்கு நிற்கும்போது கொதிகலனுக்குள் குனிந்து நுழைந்து பழைய போர்வையைப் பிய்த்தெடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு முன்னால் இருப்பது கடைசி நாள் இழை. நானோ இழைப் பஞ்சு அந்த இடத்துக்கு வருவதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: 1,100 டிகிரியில் ஓராண்டு கிடந்த பிறகு அமுக்கினால் எவ்வளவு எழுகிறது, அப்படி ஒவ்வொரு முறை எழும்போதும் 5 மைக்ரோமீட்டருக்கு மேல் நீண்ட துண்டு எத்தனை காற்றில் கலக்கிறது. முதலாவதை அளக்க நேரம் மட்டும் போதும். இரண்டாவதை அளக்க, அமுக்கும் இயந்திரத்தின் மேல் ஒரு வடிகட்டியும் எண்ணுவதற்கு ஒரு மின்னணு நுண்ணோக்கியும் வேண்டும். இந்தப் பஞ்சுகளைச் செய்யும் ஆய்வகங்களில் நுண்ணோக்கி ஏற்கெனவே இருக்கிறது.